ஆளுயர நண்டு

நண்டோடு சண்டை போடுவது பெரிய விஷயமில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் போட்டிருக்கிறோம். இல்லாத நண்டோடு சண்டை போடுவதுதான் பாடு. எதிரே இருப்பது வெறும் வரப்பு. அங்கே ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நம்மை எதிர்த்துப் பேசுகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அதைத் திட்ட வேண்டும். அது பதில் சொல்லி முடிக்கும்வரை, அந்தப் பதிலுக்குத் தகுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு மறுபடி திட்ட வேண்டும். அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அதைத்தான் செய்தேன். தன்னந்தனியாகச் செய்தேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பாபநாசம் பக்கத்திலிருந்து தினமும் பஸ். கடைசி வருஷ புராஜெக்டாக மூன்று நிமிட வீடியோ ஒன்று செய்ய வேண்டும். நிஜ ஆளும் வரைந்த உருவமும் ஒரே ஃபிரேமில் வர வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டும். "நீங்க சிரிச்சுட்டு எடுத்தா பத்தாது, பாக்கறவன் சிரிக்கணும். ரெண்டும் வேற வேற" என்று எங்கள் சார் சொன்னார். அப்போது அதை நான் நோட்டில் எழுதிக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். ஒரே ஒருத்தி. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். வகுப்பில் மற்றவர்கள் என்னோடு அளவாகத்தான் வைத்துக்கொள்வார்கள். அவள் மட்டும்தான் நான் கத்தி முடிக்கிறவரை உட்கார்ந்திருந்து, "முடிஞ்சிடுச்சா? சாப்பிடலாமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறப்பாள். என் அம்மாவின் புளிக்குழம்புக்காகத்தான் என்னோடு பழகுகிறாள் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் மறுக்கவே மாட்டாள்.

அவள் டவுன்காரி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் தஞ்சாவூருக்குள்ளேயே, மாடி வீட்டில். சுற்றி இத்தனை வயல் இருந்தும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் கை இருக்கிறதே, அவ்வளவு அழகாக வரையும். முகமும் அப்படித்தான். புருவத்தை லேசாக ஏற்றினாலே நமக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நண்டு யோசனையும் அவளுடையதுதான். ஒரு நாள் மதியம் அம்மா போன் செய்தாள். அப்பா குவைத்தில் வண்டி ஓட்டுகிறார், குத்தகைக்கு எடுத்த ஐந்து மா நிலத்தை, ஒன்றரை ஏக்கர் சொச்சம், அம்மாதான் பார்க்கிறாள். முந்தின நாள்தான் வரப்பில் இருந்த நண்டு வளையை மண் வைத்து மிதித்து அடைத்திருந்தாள். விடிந்து பார்த்தால் பக்கத்திலேயே வேறு ஓட்டை, கட்டி வைத்த தண்ணீர் முழுக்கப் பக்கத்து வயலில். போனில் அம்மா போட்ட கூச்சல் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்கம்மா வாடகை தராதவன திட்டற மாதிரி திட்டறாங்கடி. அந்த நண்டு பட்டா சிட்டா எல்லாம் எடுத்துட்டு வந்து, 'இது என் இடம்'னு சொன்னா எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான், படம் கிடைத்துவிட்டது. ஒரு பெண் வரப்பு ஓட்டையை அடைக்கிறாள். வரைந்த நண்டு வந்து ஆட்சேபணை தெரிவிக்கிறது. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து இங்கேதான் குடியிருக்கிறேன், அடங்கல் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள் என்கிறது. சண்டை முற்றுகிறது. நடிப்பதும் நண்டை வரைவதும் அவள். எழுதுவதும் படம் எடுப்பதும் நான்.

முதல் ஷூட்டிங்குக்கு ஒரு ஞாயிறு அவளை ஊருக்குக் கூட்டிப் போனேன். வெளிர் மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். வயலில் நடவு முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கங்களை வெட்டி, வயல் சேற்றை அள்ளி அப்பி, மண்வெட்டியின் முதுகால் இழுத்து மெழுகி விடுவார்கள். அண்டை வெட்டுவது என்று சொல்வோம். மெழுகிய இடம் பார்க்க வழவழவென்று, சிமெண்ட் பூசின நடைபாதை மாதிரி இருக்கும். அதில் மட்டும் யாரும் கால் வைக்க மாட்டோம். புல் இருக்கிற மேடு பள்ளத்தில்தான் நடப்போம். இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நடக்கத் தெரிந்தபோதே தெரிந்த விஷயம். யாரும் சொல்லித் தராததால், இது ஒருவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நான் போனைப் பிடித்துக்கொண்டு, "நட, சாதாரணமா நட" என்றேன். ஒரு டவுன்காரி எங்கே கால் வைப்பாள்? இருக்கிறதிலேயே நன்றாக இருக்கிற இடத்தில்தான். சிரித்துக்கொண்டே மெழுகின ஓரத்தில் மிதித்தாள். கால் அப்படியே வழுக்கி, பக்கவாட்டில், தொப்பென்று நாற்றுக்கு நடுவில் விழுந்தாள். முகம் பாதி சேறு. நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பம்புசெட்டில் கழுவிக்கொண்டு, என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, மாலை பஸ்ஸில் போனாள். நிறுத்தத்தில் நிற்கும்போது அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். அவள் பஸ் ஏறினதும் அந்த கிளிப்பை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே வகுப்பு குரூப்பில் போட்டேன். 'ஷூட்டிங் முதல் நாள்' என்று எழுதி, சிரித்து அழும் மஞ்சள் மூஞ்சி நாலு வைத்தேன்.

அரை மணி நேரத்தில் எவனோ அந்தச் சேற்று முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்துவிட்டான். திங்கட்கிழமைக்குள் டிபார்ட்மெண்ட் முழுக்கப் பரவிவிட்டது. குட்மார்னிங்குக்கு அவள் முகம், அசைன்மெண்ட் முடியவில்லை என்றால் அவள் முகம், காண்டீனில் பஜ்ஜி தீர்ந்துவிட்டது என்றால் அவள் முகம்.

அவள் எனக்கு ஒரு வரிதான் அனுப்பினாள். "டெலீட் பண்ணு." பண்ணினேன். ஆனால் ஸ்டிக்கரை யார் திரும்ப வாங்குவது? 'சாரிடி' என்று அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் என் பாழாய்ப்போன கோபம் வந்துவிட்டது. லேப் வாசலில், நாலு பேர் பார்க்க, அவளை நிறுத்தினேன்.

"எல்லாரும் சிரிச்சுட்டு மறந்துட்டாங்க. நீதான் அதைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்க. இவ்ளோ பிகு பண்ற அளவுக்கு என்ன ஆயிடுச்சு?"

நான் கத்தி முடிக்கிறவரை எப்போதும்போல் நின்றாள். "சரி" என்றாள். சாப்பிடலாமா என்று கேட்கவில்லை. மறுநாள் சார் குரூப் பட்டியல் வாசித்தபோது, அவள் நாலு பேர் இருந்த இன்னொரு குரூப்பில் ஐந்தாவது ஆளாக இருந்தாள்.

"நீ தனியாவாம்மா இருக்க? எதுலயாவது சேத்து விடட்டுமா?" என்று சார் கேட்டார்.

"வேணாம் சார். நானே பண்ணிக்குவேன்."

வீம்புதான், வேறென்ன. ஆனால் வீம்பு மட்டுமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் மார்ச்சோடு பெங்களூருக்குப் போகிறாள். அங்கே அக்கா வீட்டில் தங்கி வேலை தேடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் அந்த நண்டுப் படத்தை நான் முடித்துத் திரையில் காட்டிவிட வேண்டும். அவள் சொன்ன பட்டா வசனத்தை அவளே கேட்டுச் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டால் பேசிவிடுவாள். படத்தில் நானே நடிப்பேன், நானே சேற்றில் விழுவேன், என் மூஞ்சியை எடுத்து ஸ்டிக்கர் போட்டுக்கொள்ளட்டும், அப்போது சரிக்குச் சரி ஆகிவிடும். இதுதான் என் திட்டம். மார்க் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா வழக்கம்போல் இரண்டு பேருக்கு வைத்துக் கொடுத்தாள். "அந்தப் பொண்ணுக்கு உருளைக்கிழங்கு வறுவல் தனியா வச்சிருக்கேன், நீ முழுங்கிடாத" என்பாள். மீதம் கொண்டு வந்தால் கேள்வி வரும். அதனால் லேப் பின்னாலிருந்த படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன். முதலில் என் பங்கு, அப்புறம் அவள் பங்கு. நாலு மாதம். அழுகை வந்தால் சோறு இறங்காது என்பார்கள். எனக்கு எல்லாம் இறங்கியது. ஜீன்ஸ்தான் இடுப்பில் ஏற மறுத்தது.

தனியாகப் படம் எடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் வயலுக்கு ஒரு டிரைபாட் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மூன்று காலில் ஒரு கால் எப்போதும் சேற்றில் புதைந்துகொண்டே இருக்கும். ரெக்கார்டை அழுத்திவிட்டு வரப்பில் ஓடிப் போய் நிற்க வேண்டும். நடிக்க வேண்டும். ஓடி வந்து பார்த்தால் தலை இருக்காது. மறுபடி. ஃபோகஸ் எனக்குப் பின்னாலிருக்கிற மின்கம்பத்தில் இருக்கும். மறுபடி. தூறல் வரும். துணியால் போனை மூடிக்கொண்டு பம்புசெட் கொட்டகைக்கு ஓட்டம்.

ஒரு நாள் நான் உரத்த குரலில், "யார்கிட்ட பட்டா காட்டுற? கிழிச்சுப் போட்டுடுவேன்" என்று கத்திக்கொண்டிருந்தபோது, மொபெட்டில் உரமூட்டையோடு போனவர் நிறுத்தினார்.

"யாரைம்மா திட்டிக்கிட்டிருக்க?"

"நண்டைத்தாங்க."

அவர் வரப்பை நன்றாகப் பார்த்தார். "நல்லாத் திட்டு. எங்க வரப்புலயும் நாலு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிரிக்கக்கூட இல்லை. அன்று நாள் முழுக்க என்னோடு பேசின ஒரே ஆள் அவர்தான். அதை நினைத்துச் சிரித்தேன், சொல்ல ஆளில்லையே என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மாவுக்கும் செய்தி போய்விட்டது. "நீ ஒத்தையில நின்னு பேசிட்டிருக்கேன்னு நாலு பேரு கேட்டுட்டாங்க. அந்தப் பொண்ண வரச் சொன்னா என்ன?"

"அவளுக்கு வேற வேலைம்மா."

"சண்டையா?"

"இல்லம்மா."

அம்மா அடுத்த நாளும் இரண்டு பேருக்குத்தான் வைத்தாள்.

விழுகிற ஷாட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். விழுவதில் இவ்வளவு சிரமம் இருக்கும் என்று நினைக்கவில்லை. வேண்டுமென்றே வழுக்கலில் மிதிக்கிறேன், என் கால் தானாகச் சமாளித்துக்கொள்கிறது. விரல் மடங்கி மண்ணைப் பிடிக்கிறது, இடுப்பு வளைகிறது, நின்றுவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து விழாமலே பழகின கால். நாலு தடவை அப்படி. ஐந்தாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். விழுந்தேன். வாய்க்குள் சேறு போனது. எழுந்திருக்கக் கையை ஊன்றினால் கை முழங்கை வரை போகிறது. முழங்காலால் நகர்ந்து வரப்பைப் பிடித்து எழுந்து, ஓடிப் போய் ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். யாரும் சிரிக்காத இடத்தில் ஒரு ஆள் சேற்றில் விழுந்து எழுந்திருப்பது அசிங்கமாக இருந்தது. பம்புசெட் தண்ணீரில் நின்று கொஞ்சம் அழுதேன்.

மார்கழியில் லேபில் உட்கார்ந்து எடிட் தொடங்கினேன். முதல் அடி, பயிர். ஒரே காட்சியை வேறு வேறு ஞாயிறுகளில் எடுத்திருந்ததால், நான் ஒரு வார்த்தை சொல்லும்போது பின்னால் பயிர் கணுக்கால் உயரம் இருக்கிறது, அடுத்த வார்த்தைக்கு முழங்கால் உயரம். கோபத்தில் பேசப் பேசப் பயிர் வளர்கிற மாதிரி இருந்தது. போகட்டும், காமெடிப் படம்தானே என்று விட்டேன்.

இரண்டாவது அடிதான் பெரிய அடி. நண்டை வரைந்து வரப்பில் ஒட்டிப் பார்த்தேன். என் நண்டு அப்போது உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்தது மாதிரி இருந்தது, அது வேறு கதை. நண்டு கீழே, தரையில் நிற்கிறது. நான் அதைத் திட்டுகிறேன். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. என் பார்வை அதன் தலைக்கு மேலே, எங்கேயோ போகிறது. ஒரு ஷாட்டில் இல்லை, எல்லா ஷாட்டிலும். ஸ்கிரீனில் என் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். எதிர் வரப்பில் ஒரு ஆள் நின்றால் அவர் முகம் எங்கே இருக்குமோ, அங்கே போய் முட்டியது.

வரைகிற உருவத்தோடு நடிக்கும்போது, அது எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே ஒரு குச்சியாவது நட்டு வைத்து அதைப் பார்க்க வேண்டும். வகுப்பில் படித்ததுதான். குச்சியைப் பிடிக்க ஆளில்லை, நட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை. திரும்ப எடுக்கலாம் என்றால் வயலில் கதிர் வந்துவிட்டது. வீட்டில் அம்மாவிடம் போனில் காட்டினேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"வயல்ல நின்னுகிட்டு யாரு தரையப் பாத்துப் பேசுவா? எதுத்த வரப்புல நிக்கிற ஆளைப் பாத்துத்தான் பேசுவோம். பழக்கதோஷம்."

உண்மைதான். ஆனால் மறுநாள் லேபில் திரும்பப் போட்டுப் பார்த்தால், நான் நேராகப் பார்க்கவில்லை, கொஞ்சம் அண்ணாந்து பார்த்திருந்தேன். எங்கள் அம்மாவோ வேறு யாரோ எதிரில் நின்றால் எனக்கு அப்படி அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, எல்லோரும் என் உயரம்தான். என்னைவிட நாலு விரல் உயரமான ஆள் என் சிநேகிதி ஒருத்திதான். திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும் என்று எனக்கே தெரியாமல் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறேன். "ஏன் என்னைப் படுத்தற? உனக்கு நான் என்ன பண்ணேன்?" என்று நண்டிடம் கேட்பதற்காக எழுதின வசனத்தை எல்லா ஞாயிறும் அவளிடம்தான் கேட்டிருக்கிறேன். லேபில் அப்போது வேறு யாரும் இல்லை. சிஸ்டத்தை ஆஃப் செய்தேன்.

இப்போது கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் எடுக்கப் போனால், மாலையும் கழுத்துமாக நிற்கிற பெரியவர்களை "ஒருத்தர ஒருத்தர் பாருங்க" என்று எங்கள் கேமராக்காரர் கெஞ்சுவார். அவர்கள் ஐயரைப் பார்ப்பார்கள், பேரனைப் பார்ப்பார்கள், சமையல் கட்டைப் பார்ப்பார்கள். யார் எங்கே பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது. அந்த மார்கழியிலிருந்து அப்படி.

நண்டைத் தரையில் வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் நண்டு என் பார்வைக்கு வரட்டும். ஆளுயரத்துக்கு, என்னைவிட நாலு விரல் கூடவே, வரைந்தேன். எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் உள்ள ஒரு ஜந்துவைப் பக்கவாட்டில் நடக்க வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நான் யாருக்கும் புரிய வைக்க முடியாது. ஒரு விநாடி நடைக்குப் பன்னிரண்டு படம். ஒரு காலை மாற்றினால் மற்ற ஏழு காலும் கோபித்துக்கொள்ளும். பொங்கல் லீவு முழுக்க அதிலேயே போனது. வெளியே அறுப்பு மிஷின் சத்தம், உள்ளே நானும் கால்களும்.

நண்டு பெரிதானதும் ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பெரிய நண்டு இத்தனூண்டு ஓட்டைக்குள் எப்படிப் போகும்? அதையே வசனமாக வைத்துவிட்டேன். படத்தில் என் வாய் தெரியாத ஒரு இடத்தில், "இந்த உடம்ப வச்சுக்கிட்டு இதுக்குள்ள எப்படிப் போற?" என்று என் குரலைச் சேர்த்தேன். நண்டு கொஞ்சம் வெட்கப்பட்டு, "மூச்ச இழுத்துப் பிடிச்சுக்குவேன்" என்கிறது. நண்டுக்கும் நான்தான் குரல். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, மூக்கால் பேசிப் பதிவு செய்தேன்.

மார்ச்சில் ஒரு மதியம் செமினார் ஹாலில் எல்லாப் படங்களையும் போட்டார்கள். என்னுடையது ஏழாவதோ எட்டாவதோ. அவள் எனக்கு இரண்டு வரிசை முன்னால், ஓரத்தில், அவள் குரூப்போடு இருந்தாள். நான் திரையைப் பார்க்கவே இல்லை. அவள் முதுகைத்தான் பார்த்தேன்.

நண்டு பட்டாவை எடுத்து நீட்டினதும் ஹால் சிரித்தது. அவள் தோள் குலுங்கியது, என் கண்ணால் பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கிற இடத்தில் சார்கூடச் சிரித்துவிட்டார். அவள் தலை பின்னால் சாய்ந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், சத்தம் வராது, தலை மட்டும் சாயும். ஆயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்குப் புளிக்குழம்பு எடுத்துவர வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் நான் சேற்றில் விழுந்தேன். ஹாலே அதிர்ந்தது, விசில் வேறு. அவள் தோள் அசையவில்லை. படம் முடிகிறவரை அசையவில்லை.

இடைவேளையில் அவளே வந்தாள். வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"நல்லா வந்திருக்கு. நடைய சூப்பரா பண்ணியிருக்க" என்றாள்.

"பட்டா நீ சொன்னது."

"ஞாபகம் இருக்கு."

இதை விட்டால் இல்லை என்று தெரிந்தது. பாடம் ஒப்பிப்பதுபோல் மடமடவென்று சொன்னேன். "அந்த வீடியோவ குரூப்ல போட்டதுக்கு மன்னிச்சுடுடி. நேர்ல ஒரு தடவைகூட நான் சொல்லல. லேப் வாசல்ல கத்தினதுக்கும். அதனாலதான் நானும் விழுந்தேன். என் மூஞ்சியையும் ஸ்டிக்கர் போட்டுக்கட்டும்."

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "அதுக்கா விழுந்த?" என்றாள். "ஸ்டிக்கர் எல்லாம் நான் என்னிக்கோ விட்டுட்டேன். எங்கக்காவே எனக்கு அனுப்பறா. நானும் அனுப்பறேன்."

"அப்ப ஏன்டி?"

அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். குடிக்கவில்லை.

"நீ விழுந்தப்ப யாரு தூக்கி விட்டா?"

"யாரும் இல்ல. நானேதான் எழுந்தேன். டிரைபாட்ல வச்சு எடுத்ததுதானே."

"ம்" என்றாள். "எனக்கு ஆள் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும், அதில் நான் கெட்டிக்காரி. அவள் குரூப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். டம்ளரை வைத்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று போனாள். அதற்கப்புறம் அவள் பெங்களூருக்குப் போகும்வரை நாங்கள் பேசவில்லை. எனக்கு ஏ கிரேடு வந்தது.

படம் போட்ட அன்று, மீதிப் படங்களுக்கு நிற்காமல் நான் பிடித்த மூன்றரை மணி பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனை எடுத்தேன். குரூப்பிலிருந்து அழித்தாலும் அந்த கிளிப் என் போனில் இருந்தது. போட்ட நாளுக்குப் பிறகு திறந்ததில்லை. குரூப்பில் போட்ட அன்றும் விழுகிற இடம்வரை பார்த்துவிட்டுத்தான் போட்டேன், எல்லோரும் அதுவரைதான் பார்த்திருப்பார்கள். பதினோரு விநாடி. நாலு விநாடி நடக்கிறாள். ஐந்தாவதில் விழுகிறாள். என் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவளும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே இடது கையை ஊன்றப் பார்க்கிறாள், அது உள்ளே போகிறது. வலது கையை என் பக்கம் நீட்டுகிறாள். நீட்டின கை அப்படியே நிற்கிறது. அவள் தலையிலிருந்து கால்வரை ஃபிரேமுக்குள் வரட்டும் என்று, நான் இரண்டடி பின்னால் போகிறேன்.